அனைத்தையும் காட்டும் பொத்தான்

அந்த ஊரில் தொண்ணூறு நாள் பயன்படுத்தாத எதுவும் கண்ணில் படாது.

அழிந்துபோகும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். யாருக்கு வேண்டாமோ அவர் கண்ணுக்கு மட்டும் மறையும். மற்றவர்களுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். வக்கீல் ஒருவர் நடைப்பயிற்சி இயந்திரம் வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். பன்னிரண்டு நாள் நடந்தார். நூற்றிரண்டாவது நாள் அது அவருக்கு மறைந்தது. அதன் கைப்பிடியில் தினமும் துணி உலர்த்துகிற அவர் மனைவிக்கு மறையவில்லை. தன் வேட்டி அந்தரத்தில் காய்வதைப் பார்த்துக்கொண்டே வக்கீல் காலையில் பல் தேய்த்தார். மார்க்கெட் முக்கில் இருந்த கிளை நூலகம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் காலிமனையாகத் தெரிந்தது. அங்கே வண்டி நிறுத்தப் போகிறவர்கள் சுவரில் இடித்துக்கொண்டு, "சரி, லைப்ரரி" என்று சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்தார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவன் பூபதி. நீர்வாரியத்தில் திரை வடிவமைப்பாளன். நாற்பத்தோரு வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. அவன் இதை ஊருக்காகச் செய்யவில்லை. நீர்வாரியத்தின் மென்பொருளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பொத்தான்கள் இருந்தன. தெருவுக்கு ஒரு வால்வு, வால்வுக்கு நாலு பொத்தான், அந்த நாலும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தவர்கள் எதை அழுத்துவது என்று தெரியாமல் விழி பிதுங்கினார்கள். பள்ளிக்கூடத் தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர் முகூர்த்த நேரத்தில் கல்யாண மண்டபத்துக்குள் போய் நின்றது. மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்று தாலி கட்டினார்.

பூபதி யோசித்தான். ஆள் மென்பொருளைக் கற்றுக்கொள்வதைவிட, மென்பொருள் ஆளைக் கற்றுக்கொண்டால் என்ன? தொடாத பொத்தானை அந்த ஆளின் கண்ணிலிருந்து விலக்கிவிடுகிற ஒரு முகப்பைச் செய்தான். மூன்று மாதத்தில் ஒவ்வொருவர் திரையிலும் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள்தான் மிஞ்சின. கட்டுப்பாட்டு அறையின் மூத்த ஆபரேட்டர் துளசிமணி, "இப்பத்தானுங்ணா தல வலிக்காம வீட்டுக்குப் போறேன்" என்று கைகூப்பினாள். விஷயம் நகராட்சிக்குப் போனது. இவ்வளவு வசதியான ஒன்றை வாரியத்துக்குள்ளேயே வைத்திருப்பானேன் என்று ஊர் முழுக்கப் பொருத்திவிட்டார்கள். வீட்டுக்கு வீடு, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. தெருத் தெருவாக மாட்டிக்கொண்டு வந்து, பூபதியின் வீட்டுக்கு ஆடியில்தான் வந்தார்கள்.

விதிகளை எழுதியவனும் பூபதிதான். ஒரே மூச்சில் எழுதினான். பயன்படுத்துவது என்றால் அழைப்பது. பொத்தானாக இருந்தால் அழுத்துவது, ஆளாக இருந்தால் கூப்பிடுவது. தானாக நடந்துகொண்டிருப்பவை பயன்பாட்டில் சேராது. இல்லாவிட்டால் தானியங்கி மோட்டார்களே திரையை அடைத்துக்கொள்ளும். முனகல், தலையசைப்பு, 'ம்' கொட்டுதல் ஆகியவை அழைப்பு ஆகா. ஏழாம் விதி: ஒருமுறை மறைந்தது, மறைத்தவர் கூப்பிட்டாலும் கேளாது. கைதவறிக் கூப்பிட்டுவிடக் கூடாதல்லவா. கடைசியாக, யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று திரையின் அடியில், கண்ணுக்கு உறுத்தாத சாம்பல் நிறத்தில், 'அனைத்தையும் காட்டு' என்று ஒரு பொத்தானையும் வைத்தான். அதை அழுத்தியவருக்கு மறைந்தது எல்லாம் தெரியும்.

நல்ல விதிகள்தான். ஐப்பசி மூன்றாம் தேதி காலையில் பூபதிக்கு அவனுடைய அக்கா மறைந்தாள்.

அக்காவின் பெயர் மரகதம். அவனைவிட ஆறு வயது மூத்தவள். நூற்பாலையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஆலை மூடியதும் வீட்டோடு இருந்தாள். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. தறிகெட்டுச் சுழலும் நூற்புக் கதிர்களின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பேசிப் பழகியவள் ஆகையால், உப்பு வேண்டுமா என்று கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று பதில் சொல்வார்கள்.

அன்று காலை மேஜைமேல் டீ இருந்தது. வைத்தவள் இல்லை. தினமும் வருகிற "பூபதி, டீ" என்ற குரல் இல்லை. அடுப்படியில் தோசை தானாகத் திரும்பிப் படுத்தது. கரண்டி அந்தரத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எண்ணெய் விட்டது. பூபதி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலிருந்த திரையைப் பார்த்தான். 'உங்கள் வசதிக்காக ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது' என்றிருந்தது. கீழே, 'காரணம்: தொண்ணூறு நாளாக அழைக்கப்படவில்லை.' அந்த வாசகத்தை எழுதி முடித்த அன்று, இதமாக இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஏழாம் விதியின்படி அது போய்ச் சேரவில்லை.

டீயைக் குடித்தான். சூடு, சர்க்கரை எல்லாம் வழக்கம்போல் இருந்தது. அவளுக்கு அவன் தெரிவான். தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவளுக்கு எப்படி மறையும்? மறைந்தது அவனுக்கு மட்டும்தான். அந்த ஊரில் ஒருவருக்கு ஒன்று மறைந்தால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான், அது எல்லார் வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, மூன்று வேளையும் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, தொண்ணூறு நாள் அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடாதவன். பூபதிக்கு வெட்கமாக இருந்தது. அக்கா திரும்ப வேண்டும். ஆனால் அதை யாரிடமாவது கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் டம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

உண்மையைச் சொன்னால் தொண்ணூறு நாள் கணக்கு திரைக்குத்தான். அவனுடைய கணக்கில் அது ஒன்பது வருஷம்.

வேலையில் சேர்ந்த புதிதில் பூபதி வேறு மாதிரி ஆள். வாரியத்து மென்பொருளின் ஒரு பிரதியை வீட்டுக் கணினியில் அக்காவின் பெயரில் ஏற்றி, அவளை அதன் முன்னால் உட்காரவைப்பான். தான் பின்னால் ஒரு நாற்காலியில் நோட்டும் பென்சிலுமாக உட்காருவான். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே குறித்துக்கொள்வான். நோட்டின் அட்டையில் 'தடுமாற்றக் குறிப்பு' என்று எழுதியிருந்தது. "நீ தடுமாறுனா தப்பு உம்மேல இல்லக்கா. தெர சரியில்லைன்னு அர்த்தம்" என்பான். அதை மனதாரச் சொன்னான். தினமும் காலையில் எல்லாப் பொத்தானையும் ஒரு முறை அழுத்திப் பார்த்து எது சிக்குகிறது என்று சொல்லவும் சொல்லியிருந்தான். மரகதம் அழுத்தினாள். மில்லில் இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற கை அது, ஒன்றையும் விடாது.

பிறகு ஒரு நாள் அதிகாரிகள் முன்னிலையில் செயல்விளக்கம். சாதாரண ஆள் ஒருவர் வந்து உபயோகித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். பூபதி அக்காவைக் கூட்டிப்போனான். கட்டுப்பாட்டு அறையில் இருபது பேர். மரகதம் நான்காம் தொட்டியின் நீர்மட்டம் வரைக்கும் சரியாகப் போய்விட்டாள். அங்கிருந்து திரும்ப வழி தெரியவில்லை. வீட்டில் கேட்கிற மாதிரியே, இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில், "பூபதி, இதுல பின்னாடி எப்படிப் போறது?" என்று கேட்டாள்.

அறை முழுவதும் சிரித்தது. பூபதியும் சிரித்தான். கொஞ்சம் கூடவே சிரித்தான். "யாருங்க இந்தம்மா?" என்று தலைமைப் பொறியாளர் ஆறுச்சாமி கேட்டார். சிரிப்பு அடங்காமலே பூபதி சொன்னான்: "நம்ம தெருக்காரங்க சார்."

திரும்பும்போது மினி பஸ்ஸில் மரகதம்தான் இரண்டு டிக்கெட் எடுத்தாள். அன்றிலிருந்து பூபதிக்கு அவளைக் கூப்பிட நாக்கு எழவில்லை. கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவள் கூப்பிட்டால் 'ம்' என்றான். ஒன்பது வருஷம் 'ம்' என்றே ஓடிவிட்டது. வெளியில் யாருக்கும் தெரியவில்லை. தெரியவைக்கிற இயந்திரத்தைக் கடைசியில் அவனே செய்து ஊர் முழுக்க மாட்டினான்.

அக்கா மறைந்தபின் வீட்டுக்குள் நடப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. மறைந்தாலும் அவள் இருக்கிற இடத்தில் இருந்தாள். ஒரு முறை அடுப்படி வாசலில் முழங்கை எதன்மீதோ இடித்தது. சாம்பார் தரையில் கொட்டியது. தரைத்துணி வந்து துடைத்தது. பூபதி அங்கேயே நின்றான். "வலிச்சுதா?" என்று கேட்டான். துணி போய்த் தன்னைத் தானே பிழிந்துகொண்டு கம்பியில் ஏறியது. அதற்குப் பிறகு திருப்பங்களில் செருமிவிட்டுப் போனான்.

பதினொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறுச்சாமியும் அவர் மனைவியும் தங்கள் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்த பத்திரிகை. பூபதி உட்காரச் சொன்னான். இரண்டு டம்ளர் காப்பி வந்தது. ஆறுச்சாமியின் மனைவி காப்பி வந்த பக்கம் பார்த்து, "எதுக்குங்க்கா இத்தன சிரமம்?" என்றார். பிறகு யாருடைய பேச்சையோ கேட்டுத் தலையாட்டினார். கன்னத்தில் கைவைத்துச் சிரித்தார். பூபதியும் ஒரு அரை விநாடி தாமதித்து அதே இடத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்காளும் தம்பியும் சேந்து நின்னு வாங்கிக்கோங்க" என்று ஆறுச்சாமி தட்டை எடுத்தார். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வீட்டில் மூத்தவர் வாங்க வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கை கொடுக்க வேண்டும்.

பூபதி எழுந்தான். அக்கா எங்கே நிற்பாள் என்று ஊகித்து, நாற்காலிக்கு இடப்பக்கம் போய், யாருக்கோ இடம் விட்டு நின்றான். முகத்தைப் பிரியமாக வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தான். "வாங்கிக்கலாமா?" என்றும் கேட்டுவைத்தான். விருந்தாளிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஆறுச்சாமியின் மனைவி வந்து, சட்டையில் ஏதோ தூசி தட்டுவதுபோல் அவன் தோளைத் தொட்டு, மெல்ல எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்.

தட்டு நீண்டது. பூபதி கையை நீட்டினான். தட்டுக்கு அடியில் அவன் விரல்கள் வேறு விரல்கள்மேல் பட்டன. ஈரமாக இருந்தன, டம்ளர் கழுவிய ஈரம். அந்த விரல்கள் விலகவில்லை. பூபதிக்குக் காதுமடல் சுட்டது. தட்டோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வாசல்வரை வழியனுப்பப் போனான். மனைவி முன்னால் நடக்க, ஆறுச்சாமி செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்றார்.

"தம்பி, எங்கூட்ல எங்கப்பாரு இருக்காருல்ல. ஒரு மாசமா எனக்குக் கட்டில் மட்டுந்தான் தெரியுது. போர்வ மேல ஏறி எறங்குது. மூச்சு விடறாருன்னு தெரிஞ்சுக்கறேன்."

ஆறுச்சாமி செருப்பு வாரை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்யாணத்துல அவரு கால்ல விழோணும். எல்லாத்தையும் காட்டற பட்டன்னு ஒண்ணு வெச்சியே, அது எங்க இருக்குது?"

"அடியில இருக்குதுங்க சார். சாம்பல் கலர்ல."

"அங்க ஒண்ணும் இல்லியே."

பூபதி உள்ளே போய்த் தன் வீட்டுத் திரையைப் பார்த்தான். இந்தப் பத்து நாளும் அதை அழுத்தாமலிருந்தது வெட்கத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் கட்டுப்பாட்டு அறையில் துளசிமணி பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்; எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று மறைந்திருந்தது.

"அந்தப் பட்டனை யாருமே அழுத்துனதில்லீங்ணா" என்றாள். "தொண்ணூறு நாளாச்சு. அதுவும் மறஞ்சிருச்சு."

விதிப்படி சரிதான் என்று பூபதி தலையாட்டினான்.

"ஒரே ஒருத்தருக்கு மட்டும் இன்னும் இருக்குது. தெனமும் காலைல ஆறு பத்துக்கு ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தியும் அழுத்தறாங்க. கடைசியா அதையும் அழுத்தறாங்க. ஒன்பது வருசத்துக்கு மேல ஒரு நாள் விட்டுப்போகல." துளசிமணி திரையை நெருங்கிப் படித்தாள். "பேரு மரகதம். வெலாசம் உங்க வீடுங்ணா."

போதும், நிறுத்திக்கொள் என்று பூபதி அவளிடம் சொன்னதே இல்லை. சொல்வதற்குக் கூப்பிட வேண்டும்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆறுச்சாமி மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தார். "யாருங்ணா அது?" என்று புதிதாக வந்த ஆபரேட்டர் ஒருத்தி கேட்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன் சொன்ன பதில் பூபதியின் வாயில் தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

"எங்கக்கா" என்றான்.

"அப்பறமென்ன, கூட்டியாந்துருங்க" என்றாள் துளசிமணி.

பூபதி நகங்களைப் பார்த்துக்கொண்டான். "நீயே கூப்பிடும்மா" என்றான்.

அறைக்கு விளங்கிவிட்டது. துளசிமணி தொலைபேசியை எடுத்துப் பேசினாள். மறுமுனையின் குரல் பெரிதாக இருந்திருக்க வேண்டும், கருவியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்டது, பூபதியைத் தவிர.

"வர்றாங்களாம்" என்றாள் வைத்துவிட்டு. "அவங்க அழுத்துனா அவங்களுக்குத்தான் தெரியுமாம். யாருக்கு வேணுமோ அவங்க அழுத்தோணுமாம். அவங்க முகப்பத் தெறந்து தர்றாங்களாம். மொதல்ல உங்களத்தான் உக்கார வெக்கச் சொன்னாங்க. நோட்டு எடுத்துட்டு வர்றாங்களாம்."

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சோதனை. இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். பூபதியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அவனுக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி. கதவு திறந்து மூடியது. ஒரு பழைய நோட்டும் ஒரு பென்சிலும் அறைக்குள் வந்து, எல்லோருடைய வணக்கத்தையும் ஏற்றுக்கொண்டு, அந்த நாற்காலியில் மடி உயரத்தில் நின்றன. அட்டையில் அவன் கையெழுத்து: 'தடுமாற்றக் குறிப்பு'.

சோதனைக்கும் விதி உண்டு. சோதனையில் இருப்பவருக்கு யாரும் உதவக் கூடாது. அதையும் பூபதிதான் எழுதியிருந்தான்.

மரகதத்தின் முகப்பு திறந்தது. அவள் எதையும் விடாமல் அழுத்தியதால் அதில் எதுவும் மறைந்திருக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பொத்தான்களும் வரிசை வரிசையாக இருந்தன. ஏழு பொத்தான்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பூபதிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது. அடியில் இருக்கிற சாம்பல் பொத்தான் அந்த நெரிசலில் கண்ணில் படவில்லை; முதல் பொத்தானை அழுத்தினான். பம்புகளின் பட்டியல் வந்தது. அதில் ஒன்றை அழுத்தினான், வேறு பட்டியல். திரையின் கண்ணாடியில், பின்னால் பென்சில் அசைவது மங்கலாகத் தெரிந்தது. அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தான் செய்த பொருளுக்குள் தானே வழி தெரியாமல் அலைகிறவனை இருபது பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓரிடத்தில் வந்து நின்றான். நான்காம் தொட்டி, நீர்மட்டம். அங்கிருந்து எந்தப் பக்கமும் நகர முடியவில்லை.

"அக்கா" என்றான் திரையைப் பார்த்தபடியே. "இதுல பின்னாடி எப்படிப் போறது?"

ஏழாம் விதியின்படி அது அவளுக்குக் கேட்கவில்லை. மற்ற இருபது பேருக்கும் கேட்டது. பூபதி தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருந்தான். வரவில்லை. இந்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். இதே இடத்தில் நின்று, தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் இருக்கிறான் என்கிற தைரியத்தில் கேட்டிருக்கிறாள். அந்தத் தெரிந்தவன் சிரித்திருக்கிறான். இத்தனை வருஷமும் அவனுக்கு அந்தச் சிரிப்புதான் நினைவில் இருந்தது. அவள் எந்த நம்பிக்கையில் கேட்டாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

பென்சில் எழுதுவதை நிறுத்தியது. நோட்டு எழுந்து வந்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பக்கங்கள் பின்னோக்கிப் புரண்டு ஓரிடத்தில் நின்றன. பழைய குறிப்புகளைப் படிக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. செயல்விளக்கம் நடந்த தேதி. எழுத்து அவனுடையது அல்ல. பெரிய பெரிய எழுத்தாக, கோடுகளை மதிக்காமல் இருந்தது. 'இடது மூலையில் ஒரு அம்பு வைத்தால் திரும்பி வர நல்லா இருக்கும். என்னை மாதிரி ஆளுக்கு.'

பூபதிக்கு நினைவு வந்தது. அந்த வரியை அடுத்த வாரமே அவன் படித்திருந்தான். அம்பை வைத்தான். பரிசும் வாங்கினான். ஊரில் எல்லோர் திரையிலும் இன்றைக்கும் இடது மூலையில் அந்த அம்பு இருக்கிறது; அழுத்தத் தேவையில்லாமல் அவன் திரையில் மட்டும் எப்போதோ மறைந்து, அவனுக்கு மறந்தும்போயிருந்தது. யோசனை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இடது மூலையைப் பார்த்தான். அம்பு இருந்தது. அதை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பதினோரு முறை அழுத்தி முதல் திரைக்கு வந்தான். அடியில், சாம்பல் நிறத்தில், அவன் வைத்த இடத்திலேயே அந்தப் பொத்தான் இருந்தது. அழுத்தினான்.

சுவரோரம் நாலு அலமாரிகள் தெரிந்தன. மூலை மேஜையில் அனுப்புகை எழுத்தர் ஒருவர் தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து வணக்கம் சொல்லிவிட்டு அடுத்ததைக் குத்தினார். பூபதி நாற்காலியோடு பின்னால் திரும்பினான்.

மரகதம் நோட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். அது எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. முழங்கையில் சாம்பார் பட்ட தழும்பு இருந்தது.

"பதினேழு எடத்துல தடுமாறுன" என்றாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "தப்பு உம்மேல இல்ல பூபதி. தெர சரியில்ல."

அவள் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சோதனை முடிந்ததும் சொல்ல வேண்டியது அதுதான் என்று அவன் கற்றுக்கொடுத்திருந்தான், அதனால் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் பூபதி தாங்கிக்கொண்டிருப்பான்.

"அக்கா" என்றான்.

"என்ன?"

மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளை வரிசைப்படுத்திப் பார்த்தான், ஒன்றும் போதவில்லை.

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டேன்."

"சரி" என்று மரகதம் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஆறுச்சாமி அடுத்ததாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வராந்தாவைத் தாண்டிக் கீழ்ப்படி வரைக்கும் போனது. பூபதி எழுந்து அக்காவின் பையை வாங்கிக்கொண்டான். அப்போதுதான் கதவருகே அதைப் பார்த்தான். அன்று அவன் சிரித்த சிரிப்பு அங்கே நின்றுகொண்டிருந்தது. இடுப்பு உயரம் இருந்தது. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. மற்றவர்கள் அன்று சிரித்ததை அன்றே மறந்துவிட்டார்கள், அதனால் அவை எங்கும் இல்லை. பூபதி தன்னுடையதை மறக்கவில்லை, பார்க்காமல் மட்டும் இருந்தான். அனைத்தையும் காட்டு என்றால் அதுவும் சேர்த்திதான்.

படியிறங்கும்போது அதுவும் இறங்கியது. நிறுத்தத்தில் அதுவும் நின்றது. மினி பஸ் வந்ததும் மரகதம் அதை முன்னால் ஏறவிட்டு, பிறகு தான் ஏறினாள். மூன்று பேர் உட்காருகிற இருக்கை ஒன்று காலியாக இருந்தது.

கண்டக்டர் வந்தார். மரகதம் பர்சைத் திறந்தாள். பூபதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ரெண்டு முழுசு, ஒரு அரை" என்றான்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இது யாரோடதுங்க?"

வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்கள்.

"என்னோடதுங்க" என்றான் பூபதி.

"என்ன வயசு?"

"ஒம்பது."

"அப்பச் சரி" என்று கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்து அதனிடமே கொடுத்தார். அது ஜன்னலோரம் வேண்டும் என்றது. மரகதம் நகர்ந்து இடம் விட்டாள்.